அக்வோகஸ்தோ என்ற சொல் வந்த வழி

சாத்தங்கண்மாய்க்காரர்களுக்கு மரியாதை தெரியாது என்று சுற்றுப்பட்டு ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. அந்த ஊரில் பெண் எடுத்தவர்கள் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். வாசலில் கால் வைத்ததும் வாங்க வாங்க என்று வாய் நிறையக் கூப்பிடுவார்கள், செம்பு நிறையத் தண்ணீர் கொடுப்பார்கள், போதும் என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்டினால் கையின் மேலேயே குழம்பை ஊற்றுகிற அளவுக்கு உபசாரம் நடக்கும். ஆனால் சாப்பிட்டு முடித்து, வெற்றிலை போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அப்ப நாங்க வர்றோம் என்று சொன்னீர்களோ, அத்தனை பேரும் ஊமையாகிவிடுவார்கள். போயிட்டு வாங்க என்று ஒரு வார்த்தை எழும்பாது. கைக்குழந்தை டாட்டா காட்டக் கையைத் தூக்கினால் தாய் அந்தக் கையைப் பிடித்து மடக்கிக்கொள்வாள். இழவு வீட்டிலிருந்து கிளம்புவதுபோலச் சொல்லாமல் கொள்ளாமல் படியிறங்க வேண்டியதுதான். எத்தனையோ புது மாப்பிள்ளைகள் இதற்காகக் கோபித்துக்கொண்டு மறுவீட்டுக்கு வராமல் இருந்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு சொல். அது தமிழ்ச் சொல் இல்லை. சொல்லப்போனால் எந்த நாட்டுச் சொல்லும் இல்லை. உலகத்துச் சண்டையில் பாதி பாஷையால் வருகிறது, எல்லாருக்கும் பொதுவாய், யாருக்கும் சொந்தமில்லாமல் ஒரு பாஷை இருந்தால் மனுஷன் நிம்மதியாக இருப்பான் என்று நினைத்த போலந்து தேசத்துக் கண் வைத்தியர் ஒருவர் உட்கார்ந்து செய்தது எஸ்பெராந்தோ என்ற பாஷை. அதிலிருந்து இரண்டு வேர்களை எடுத்து, வீரணன் சோடா கம்பெனியின் பின்கட்டில், காலி பாட்டில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, மூன்று பேர் ஒட்டிய சொல் அது.

மூன்று பேரில் ஒருவர் கம்பவுண்டர் சவரிமுத்து. தபால் வழியாக அந்தப் பாஷையைக் கற்று, ஊருக்கே கற்றுக்கொடுத்துவிடுவது என்று கிளம்பியவர். ஊர் முழுக்கக் கூப்பிட்டதில் வந்தது ஒரு புருஷனும் பெண்டாட்டியும்தான். புருஷன் வீரணன் வந்தது, யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாததால். அப்படி ஒரு மரியாதைக்காரன் அவன். சோடாக் குடித்துவிட்டுக் காசு நாளைக்கு என்கிறவனுக்கும் கையைக் கூப்பிப் போயிட்டு வாங்க என்பான். ஒரு தடவை களவாணி ஒருவன் பட்டப்பகலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, பின்னாலேயே தெருமுனை வரை துரத்திக்கொண்டு போய், மூச்சு வாங்க நின்று, பழக்கத்தில் "போயிட்டு வாங்க" என்று கத்திவிட்டான் என்று ஊர் இன்றும் சொல்லிச் சிரிக்கும்.

பெண்டாட்டி பூமயில் வந்த காரணம் வேறு. அவள் வயிற்றில் இரண்டு தடவை பிள்ளை தரித்து இரண்டு தடவையும் தங்கவில்லை. தெரிந்த பாஷையில் யார் வாயைத் திறந்தாலும் "ஏத்தா, ஏதும் விசேஷம் உண்டா?" என்ற கேள்வியில்தான் வந்து முடிந்தது. கம்பவுண்டரின் பாஷையில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் கிடையாது. அதனாலேயே அவளுக்கு அது பிடித்துப்போனது, புருஷன் இன்னும் காலை வணக்கத்தில் தடுக்கிக்கொண்டிருக்கும்போது அவள் கம்பவுண்டரையே திருத்துகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பஞ்சம். கண்மாய் வற்றி, வற்றிய கண்மாயில் பிள்ளைகள் பந்தாடி, அந்த ஆட்டமும் அலுத்து, மாடுகளைப் பார்த்து மனுஷர்கள் வெட்கப்படுகிற வருஷம். விளக்கு வைக்கிற நேரத்தில் ஊர்த்தலைவரான அம்பலம் ராமுக்காளை வீட்டு அடுப்படிக்குள் தண்ணீர் வந்து நின்றது. கழுநீர் வெளியே போகிற அங்கணக் குழி வழியாக உள்ளே வந்து, ஒரு கட்டில் அகலத்துக்கு, முழங்கால் உயரத்துக்கு, கரையில்லாமல் நின்றது. ஓடவில்லை, பரவவில்லை. கையை விட்டால் நனைந்தது, எடுத்தால் சொட்டியது. புதுத்தண்ணீர் வாசம் அடித்தது, அதற்கு அடியில் ரொம்ப நாள் மூடிக்கிடந்த பானையின் வாசமும் இருந்தது. விடிய விடிய அங்கேயே இருந்துவிட்டு, விடிந்ததும் வந்த வழியே போய்விட்டது. போன பிறகு பார்த்தால் வீட்டிலுள்ள பானை, குடம், தவலை, அண்டா, விளக்கெண்ணெய்க் கிண்ணி வரைக்கும் விளிம்பு தட்ட நல்ல தண்ணீர்.

மறுநாள் இன்னொரு வீடு. அதற்கு மறுநாள் அடுத்த வீடு. சாத்தங்கண்மாய்க்காரர்கள் இதில் ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. தண்ணீர் வருகிறது, குடம் நிறைகிறது, அவ்வளவுதான். அவர்களுக்கு இருந்த ஒரே சங்கடம், அதை எப்படிச் சொல்வது என்பது. பொழுது சாய்ந்தபின் பாம்பைப் பாம்பு என்று சொல்லாமல் பூச்சி என்கிற ஊர் அது. பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லமாட்டாள், இருட்டிய பிறகு கடையில் உப்பு என்று கேட்கமாட்டார்கள். தமிழில் பேரைச் சொன்னால் பேருக்குரியது திரும்பிப் பார்க்கும் என்பது அவர்கள் கண்ட உண்மை. வந்துபோவது என்னவென்று தெரியாமல் அதன் முகத்தை யார் திருப்புவது?

அம்பலம் சோடாக் கடைக்கு வந்தார்.

"கம்பவுண்டரு, ஒங்க பாஷை யாருக்கும் சொந்தமில்லேன்னு சொல்லுவீகளே. அப்ப அது பேய் பிசாசுக்கும் தெரியாதுல்ல?"

"தெரிய வழியில்லை அம்பலம். அது பொறந்தே நூறு வருஷம் ஆகல."

"அப்ப அதுல ஒரு பேரு வையிங்க. நாங்க கூப்புட்டுக்கிறோம். அதுக்குப் புரியவேண்டாம்."

கம்பவுண்டருக்கு வாழ்நாளில் கிடைத்த முதல் வேலை அது. சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டார். இந்தப் பாஷையில் புதுச்சொல் செய்வது மருந்து மிக்சர் கலக்குகிற மாதிரிதான் என்றார். ஒரு வேர், இன்னொரு வேர், நடுவில் ஒட்டுப்பசையாக ஓர் ஓகாரம், கடைசியில் பெயர்ச்சொல் என்று காட்ட இன்னோர் ஓகாரம். முதல் வேருக்குச் சண்டையே இல்லை. அக்வோ. தண்ணீர். லத்தீனிலிருந்து வந்தது. இரண்டாவது வேருக்கு அவர் மிருகம் என்று வைக்கலாம் என்றார், தண்ணிமிருகம். வீரணனின் முகம் சுருங்கிப்போனது.

"வீடு தேடி வந்தத மிருகம்னு சொல்றது நல்லாவா இருக்கு அய்யா? கொடத்தை நெறச்சிட்டுப் போகுது. விருந்தாளின்னு வைங்க."

விருந்தாளிக்கு என்ன வேர் என்று கம்பவுண்டர் யோசிப்பதற்குள் பூமயில் "கஸ்தோ" என்றாள். புருஷன் முதன்முதலாக அந்த வகுப்பில் ஒரு யோசனை சொல்லியிருக்கிறான் என்ற சந்தோஷத்தில் சொன்னாள். கம்பவுண்டர் அந்த வேரைக் கேட்டதும் எதையோ சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்து, விட்டுவிட்டார். அக்வோகஸ்தோ என்று சிலேட்டில் எழுதினார். தண்ணீர் விருந்தாளி.

ஊர் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு போய்த் தன் வாய்க்குத் தக்கபடி தேய்த்துக்கொண்டது. அக்குவஸ்தா ஆனது, பிறகு மரியாதைக்கு ஒரு ஆர் விகுதி சேர்ந்து அக்குவஸ்தார் ஆனது. "இன்னைக்கு யார் வீட்ல அக்குவஸ்தார்?" என்று கேட்டுக்கொண்டார்கள். திரும்பிப் பார்க்காத பேர் என்று தைரியமாகச் சொன்னார்கள். ஆனால் அதுவரை தனக்கென்று பேரோ பாஷையோ இல்லாமல் இருந்த ஒன்றுக்கு, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சொல்லைக் கொடுத்தால் அது அதைச் சொந்தமாக்கிக்கொள்ளும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பேர் வைத்த அன்று மாலையே அது அங்கணக் குழி வழியாக வருவதை நிறுத்தியது. நடுத்தெருவில், நிதானமாக, புழுதி நனையாமல் நகர்ந்து வந்து, படியேறி, வாசலில் நின்றது. வாங்க என்று சொல்லும் வரை நின்றது.

அதிலிருந்து எல்லாம் விருந்து முறைப்படி நடந்தது. அம்பலம் கீழத்தெருவிலிருந்து வீட்டுக்கு வீடு முறை வைத்தார். முறை வந்த வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள், கோலம் போட்டார்கள், முற்றத்தில் ஜமுக்காளம் விரித்தார்கள். வருகிறவருக்கு முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கவேண்டுமே, தண்ணீருக்கே தண்ணீரா என்று ஒரு வாரம் வழக்காடி, கடைசியில் வீரணன் கடைக் கலர் சோடா ஒன்றை உடைத்து வைப்பது என்று முடிவானது. அவனுக்கு வியாபாரம் அமோகம். கதவடைத்துப் பார்த்தவர்களும் உண்டு. பலிக்கவில்லை. வாசலில் நிற்கிறவரைப் பார்த்தால் எதிர்வீட்டுக்காரிக்குப் பொறுக்காது, "உள்ள போங்க, இருக்காக" என்று அவளே சொல்லிவிடுவாள். தட்டார் குடும்பம் ஒன்று முறைக்கு முன்னால் வண்டி கட்டிப் பக்கத்து ஊர்ச் சம்பந்தி வீட்டுக்கு ஓடியது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு அந்தச் சம்பந்தி வாசலில் போய் அது நின்றது. விருந்தாளிக்கு வழி தெரியாதா என்ன.

ஏன் ஓடினார்கள் என்றால், அது போகும்போது ஒன்றை எடுத்துக்கொண்டு போனது. வீட்டில் ஒருவருக்கு உள்ள ஈரத்தை. அம்பலத்தின் பெண்டாட்டிக்கு எச்சில் ஊறுவது நின்றுபோய், ஒவ்வொரு கவளத்துக்கும் மோர் குடித்து விழுங்கினாள். நாவிதருக்கு வேர்வை நின்றது. கம்பவுண்டருக்குக் கண்ணீர் வற்றியது. பூமயிலின் கொல்லைக்குப் பின்னால், கீழத்தெருவைப் பார்த்த வீட்டுச் செவத்தாளுக்கு மார்பில் பால் வற்றி, கைக்குழந்தையை ஆட்டுப்பாலில் வளர்த்தாள். ஊர் இதையும் செரித்துக்கொண்டது. விருந்தாளிக்கு ஆக்கிப்போட்டால் அரிசி குறையத்தானே செய்யும் என்றார்கள். நாவிதரைப் பார்த்து வேர்க்காத மகராசன் என்றார்கள். அழ முடியாதவன் சாட்சி சொன்னால் நம்பலாம் என்று கம்பவுண்டரைப் பஞ்சாயத்தில் உட்காரவைத்தார்கள். அது வந்த நாள் முதலாக ஊரில் ஒரு சாவுகூட விழவில்லை என்று அந்தப் புண்ணியத்தையும் அதன் கணக்கிலேயே சேர்த்தார்கள்.

அந்த மாதங்களில்தான் பூமயிலுக்கு மூன்றாவது தடவையாக வயிறு திறந்தது. இந்தத் தடவை தங்கியது. ஐந்தாம் மாதம் தாண்டியது, ஆறு தாண்டியது, உள்ளே உதைக்கிற உதையில் அவள் சேலைக் கொசுவம் ஆடியது. வீரணன் பாட்டில் கழுவும்போது பாட ஆரம்பித்துவிட்டான். முறை மேலத்தெருவுக்குள் திரும்பியிருந்தது.

சோடாக் கடைக்கு நாலு வீடு தள்ளி வண்டிக்காரர் வீடு. அங்கே அக்குவஸ்தார் தங்கிப் போன காலையில் மனுஷர்கள் எல்லாரும் எச்சில் விழுங்கிப் பார்த்து, கண்ணைக் கசக்கிப் பார்த்து, ஒன்றும் குறையவில்லையே என்று சந்தோஷப்பட்டார்கள். மத்தியானம் அவர்கள் வீட்டுச் சினைப்பசு கன்று போட்டது. கத்தல் கேட்டு மற்றவர்களோடு பூமயிலும் போய்ப் பார்த்தாள். பனிக்குடம் உடையவில்லை. உடைய அதில் தண்ணீர் இல்லை. கன்று காய்ந்த வாழைச்சருகு மாதிரி வந்து விழுந்தது. பசு அதை நக்கி நக்கிப் பார்த்தது.

பூமயில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு அவள் பட்ட பயத்தை எந்த வேரைக் கொண்டும் செய்ய முடியாது. நாலு வீடு. நாலாவது விளக்கு வைக்கும் நேரத்துக்கு அது இந்தப் படியேறும், இவள் வயிற்றில் இருக்கிற பனிக்குடத்தை எடுத்துக்கொண்டு போகும், இவர்கள் கையைக் கூப்பி வழியனுப்புவார்கள்.

அம்பலத்திடம் ஓடினாள். அவர் ரொம்பப் பரிவாகத்தான் பேசினார்.

"தாயி, ஒன் வீட்டுக்கு மட்டும் வேண்டாம்னா, நாளைக்கு எல்லாரும் வேண்டாம்பாக. ஊருக்குத் தண்ணிக்கு எங்க போறது? நம்ம வீட்ல என்னத்த எடுக்கும்னு நாம சொல்ல முடியுமா? ஒன் புருஷன் வாயில தண்ணி வத்துனாலும் வத்தும். சாமிய கும்புடு."

கம்பவுண்டரிடம் போனாள். அவர் மருந்துப் பெட்டியை மூடிவைத்துவிட்டு அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். அழ முடியாத கண் சிவந்தது.

"அன்னைக்கே ஒண்ணு சொல்ல வந்தேன் தங்கச்சி, ஒன் சந்தோஷத்தக் கெடுக்க வேண்டாம்னு விட்டுட்டேன். கஸ்தோங்கறது ஜெர்மன்காரர் சொல்லுலேர்ந்து எடுத்தது. அந்தச் சொல்லோட வேர் ரொம்பப் பழசு. அந்த வேர்லயே இன்னொரு கிளை லத்தீனுக்குப் போயிருக்கு. அங்க அதுக்கு எதிரின்னு அர்த்தம்."

"ஒரே வேரா?"

"ஒரே வேர்தான். ஆதியில வாசல்ல வந்து நிக்கிற அன்னியனுக்கு ஒரே பேருதான் இருந்திருக்கு. விருந்தாளியா எதிரியாங்கறது அப்புறம் தெரியிற சங்கதி."

பூமயில் கேட்டாள். "நம்மள்ல விருந்துன்னாலே புதுசுன்னுதானே அர்த்தம்? விருந்தும் மருந்தும் மூணு நாளும்பாக. இது புதுசா வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. ஏன்ய்யா போக மாட்டேங்குது?"

கேட்டவளுக்கே பதில் வந்துவிட்டது. யாராவது அதைப் போகச் சொன்னார்களா? ஒவ்வொரு நாள் காலையிலும், ஒவ்வொரு வாசலிலும், ஒன்றை இழந்துவிட்டு நின்ற ஒவ்வொருவரும், பால் வற்றிய செவத்தாள் உள்பட, கன்றைப் பறிகொடுத்த வண்டிக்காரர் உள்பட, கையைக் கூப்பிச் சொன்னது என்ன? போயிட்டு வாங்க. மரியாதை தெரிந்த விருந்தாளி, சொன்ன சொல்லைத் தட்டாமல் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்.

அடுத்த முறைக்காரியிடம் போய், நாளைக் காலையில் போங்க என்று மட்டும் சொல்லுங்கள் மதினி என்று கெஞ்சிப் பார்த்தாள். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "விளக்கேத்துற வீட்ல சொல்ற வார்த்தையாடி இது?" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பூமயிலும் அன்று மாலை கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தாள், அவளுக்கே நாக்கு வரவில்லை. கடன்காரனையும் வா என்று சேர்த்துத்தான் அனுப்புகிறோம். வா என்று சொல்லாமல் அனுப்புகிற வீடு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அங்கே யாரையும் வாங்க என்று கூப்பிடவும் மாட்டார்கள், போகிறவர்கள் வர்றேன் என்று சொல்லவும் மாட்டார்கள். தன் வீட்டை அந்த வீடாக்குவது என்று பூமயில் தீர்மானித்தாள்.

முறை வந்த அன்று காலையில் வீரணனிடம் சொன்னபோது அவன் கழுவிக்கொண்டிருந்த பாட்டிலைக் கீழே வைத்துவிட்டான். "மாசமா இருக்கவ, இல்லாத சாவுக்கு ஒப்பாரி வைக்கறதா? வெளயாடுறியா புள்ள?"

"வேற வழி இருந்தாச் சொல்லுங்க மச்சான்."

வீரணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டான். "அப்ப நான் என்ன பண்ணணும்?"

"நீங்க ஊர்லயே இருக்கக் கூடாது. கமுதிக்குப் போயி கோலிக்குண்டு வாங்கப் போறேன்னு போங்க. ராத் தங்கிட்டு நாளைக்கு வாங்க. ஒங்க மேல கோவமில்ல. ஒங்க நாக்க நம்பமுடியாது."

அவன் தலையைக் குனிந்துகொண்டு, பஸ் ஏறினான். பூமயில் சுவரோரம் சாய்ந்து நின்று பார்த்தாள், போயிட்டு வாங்க என்று சொன்னாள். அவனிடம் சொல்லலாம். அவன் திரும்பி வரவேண்டியவன்.

இழவு வீட்டுக்கு ஒரு பிணம் வேண்டும். அன்று காலை பக்கத்து வீட்டில் அக்குவஸ்தார் நிறைத்த தவலையிலிருந்து தண்ணீர் எடுத்து, ஒரு சோடா பாட்டிலில் நிரப்பி, கோலி அடைத்து, கூடத்தில் பலகை போட்டு, தலைமாடு தெற்கே இருக்கும்படி பாட்டிலைக் கிடத்தினாள். புதுத்துணி போர்த்தினாள். தலைமாட்டில் விளக்கும் மரக்கால் நெல்லும் வைத்தாள். வாசல் கோலத்தைக் கலைத்தாள். தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, பெரிய வயிற்றைத் தாங்கி உட்கார்ந்து, பொழுது சாய்கிற நேரத்துக்குக் குரலெடுத்தாள்.

"கண்மா வறண்டிருக்கக் கால்நடையா வந்தவரே,
மண்பான நெறஞ்சிருக்க மண்ணுக்கே போனீரோ..."

ஒப்பாரிச் சத்தம் கேட்டால் எந்த வேலையையும் போட்டுவிட்டு வரவேண்டும், வந்த பிறகுதான் யார் என்று கேட்கவேண்டும். அது அந்த ஊர் வழக்கம். செவத்தாள் முதலில் ஓடி வந்தாள். மேலத்தெரு முழுக்க வந்தது. கூடத்தில் புதுத்துணிக்குள் சோடா பாட்டிலைப் பார்த்தவர்கள் ஒரு நிமிஷம் திகைத்தார்கள், பூமயிலின் முகத்தைப் பார்த்தார்கள், வயிற்றைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்காமல் தோளோடு தோள் கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். பெண்களுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கம்பவுண்டர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலோரம் நின்றார். பூமயில் அக்குவஸ்தார் என்று தேய்க்காமல், அக்வோகஸ்தோ என்று முழுப்பேர் சொல்லி அழுதாள். செவத்தாளும் மற்றவர்களும் அந்தப் பேரைச் சொல்லி மாரடித்தார்கள். பாதிப்பேர் கண்ணில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை, காய்ந்த தொண்டைகளிலிருந்து ஓலை கிழிகிற மாதிரிச் சத்தம் மட்டும் வந்தது. பூமயிலுக்குக் கண்ணீரே வந்தது. பொய்யாகத்தான் ஆரம்பித்தாள். நாலு வரி பாடுவதற்குள் தங்காமல் போன இரண்டு பிள்ளைகளும் நினைவுக்கு வந்துவிட்டன. பேர் வைக்காததால் அவர்களை அவள் ஒருநாளும் பேர் சொல்லி அழுததில்லை. இருக்கிற ஒரே பேரைச் சொல்லி அந்த இரண்டுக்கும் சேர்த்து அழுதாள், நெஞ்சு காலியாகும் வரை அழுதாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அது வந்தது. நடுத்தெருவில் நகர்ந்து, படியேறி, வாசலில் நின்றது. இழவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்பதில்லை. ஒருவரும் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரியும் இங்கேதான் தலைவிரித்து உட்கார்ந்திருந்தாள். அது நின்றது. அதன் மேலே கூடத்து விளக்கு தெரிந்தது, பலகை தெரிந்தது, துணி தெரிந்தது, தன் பேரைச் சொல்லி அழுகிற பெண்கள் தெரிந்தார்கள். ஒரு வருஷமாக வீட்டுக்கு வீடு தங்கித் தங்கி அது வழக்கத்தையெல்லாம் கற்றிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் நிற்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் அடக்கமாக நின்றது. பிறகு திரும்பியது. படியில் இறங்கும்போது, எல்லா விருந்தாளிகளும் செய்வதுபோல, ஒரு நொடி தயங்கியது. பூமயில் வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். செவத்தாள் இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டாள். அத்தனை பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அது ஒன்றும் எடுக்காமல், ஒன்றும் நிறைக்காமல், தெருவில் இறங்கிப் போனது. போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்தது. புழுதியில் முதன்முதலாக ஈரத்தடம் விழுந்தது. அது வற்றுகிறது என்று கம்பவுண்டர் மெதுவாகச் சொன்னார். பூமயில் சுவரைப் பிடித்து எழுந்து வாசலுக்கு வந்தாள். பிள்ளை உள்ளே உதைத்தது.

வீரணன் கமுதிக்குப் போய்ச் சேரவில்லை. கொஞ்ச தூரம் போவதற்குள், ஊர்ப் பக்கமிருந்து பின்னால் வந்து முந்திய பஸ்காரன் ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒங்க வீட்ல இழவுச் சத்தம், ஆளு கூடியிருக்கு, நீங்க இங்க என்ன பண்றீக?" என்று கத்தினான். எல்லாம் பேசிவைத்ததுதான் என்று புத்திக்குத் தெரியும். மனசு கேட்கவில்லை. மாசமாய் இருக்கிறவளைத் தனியாக விட்டுவிட்டு வந்தோம், பொய்க்கு அழப்போய் மெய்யாகவே ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைத்த மாத்திரத்தில் பஸ்ஸிலிருந்து குதித்து, காட்டு வழியே, வேட்டி கிழிய, கால் செருப்பு ஒன்று போக, ஓட்டமும் நடையுமாக வந்தான். தெருமுனையில் திரும்பியபோது அவன் காதில் ஒப்பாரி இல்லை. அமைதி. அவன் உயிர் பாதி போய்விட்டது.

அப்போதுதான் வாசலில் அவளைப் பார்த்தான். தலைவிரி கோலமாக, அழுத முகமாக, இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, உயிரோடு நின்றாள். அவனுக்கு உலகமே திரும்பக் கிடைத்துவிட்டது. பூமியிலுள்ள ஒவ்வொரு ஜீவனுக்கும் கும்பிடு போடவேண்டும் போல இருந்தது. பக்கத்தில் ஏதோ ஒன்று ஒதுங்கித் தன்னைக் கடந்து போவது தெரிந்தது. கைகள் தாமாகக் கூடின. பூமயில் அங்கிருந்தே வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள், முந்தானையை வாயிலிருந்து பிடுங்கிக் கத்தினாள். அதற்குள், தன் ஆயுசில் அதுவரை யாருக்கும் சொல்லாத அவ்வளவு நிறைந்த மனசோடு, கண்ணீர் வழிய, வீரணன் சொன்னான்.

"போயிட்டு வாங்க."

ஒரு செம்பளவுக்குச் சிறுத்திருந்த தண்ணீர் தெருமுனையில் நின்றது. நின்று, பழையபடி முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. வீட்டுக்கு உடையவன் வாயால் அழைப்பு வந்தபின் அதற்கு முறை எதற்கு, தெரு எதற்கு? ஒரு வருஷத்தில் ஒரு வார்த்தையும் பேசாதிருந்தது அன்று பேசியது. செவத்தாளின் குரலும், நாவிதரின் குரலும், அம்பலத்து வீட்டம்மாளின் குரலும் அதில் கேட்டன. மாசமாய் இருக்கிற பெண் வாசலில் நின்றால் நல்ல மனுஷர்கள் போகும்போது என்ன சொல்லுவார்களோ, அதைத்தான் அதுவும் பூமயிலின் வயிற்றைப் பார்த்து, நல்ல தமிழில் சொன்னது.

"வர்றேன் தாயி. பிள்ளை பொறக்கட்டும், பாக்க வர்றேன்."